ஒரு டாங்கிக்கு 63 கோடி: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

2021 செப்டம்பர் 23 அன்று 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிடம் பாதுகாப்பு அமைச்சகம் ஆர்டர் கொடுத்தது. மொத்தத் தொகை 7,523 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 63 கோடியே 75 லட்சம். அடுத்த நாளே பலர் இதை ரஷ்ய வடிவமைப்பான டி-90 டாங்கியின் விலையோடு ஒப்பிட்டு, "உள்நாட்டில் செய்தால் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வகுத்து வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். அர்ஜுன் திட்டத்துக்கு 1974 மே மாதம் ஒதுக்கிய தொகை 15.50 கோடி. திட்டத்தை முடித்தபோது அது 305.60 கோடியாகியிருந்தது. முதல் ஆர்டர் 2000ஆம் ஆண்டில், 124 டாங்கிகளுக்கு. அடுத்தது 21 ஆண்டுகள் கழித்து, 118. இரண்டையும் சேர்த்தாலும் 250ஐத் தொடவில்லை.

அச்சுகள், வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக்குகள், சோதனைக் கருவிகள், வெல்டர் பயிற்சி, துணை நிறுவனங்களின் தனி உற்பத்தி வரிசை: இவற்றுக்கான செலவு 100 வண்டி செய்தாலும் 1,000 வண்டி செய்தாலும் பெரிதாக மாறாது. கணக்குக்காக இந்த நிலைச்செலவு 1,000 கோடி என்று வைத்துக்கொள்வோம். 124 வண்டிகளில் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் 8 கோடி ஏறும். 1,240 வண்டிகளில் பங்கிட்டால் 81 லட்சம்தான். வடிவமைப்பில் ஒரு போல்ட் கூட மாறவில்லை, விலை மட்டும் மாறிவிட்டது.

ஆர்டர்களுக்கு நடுவே விழும் இடைவெளி இதைவிட மோசம். நூறு வண்டிக்கு மட்டும் ஒரு பாகம் செய்து கொடுத்த சிறு நிறுவனம் அடுத்த ஆர்டருக்காகப் பத்து ஆண்டு காத்திருக்காது. இயந்திரத்தை வேறு வேலைக்குத் திருப்பிவிடும், தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். மறுபடி ஆர்டர் வரும்போது புது சப்ளையரைத் தேடி, முதல் மாதிரியைச் சோதித்து, தரச்சான்று வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அர்ஜுனின் எஞ்சினில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 1,400 குதிரைத்திறன் கொண்ட எம்டியு 838, ஜெர்மனியில் லெப்பர்டு-1 டாங்கியின் காலத்தில் உருவான எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதோடு ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்தின் கியர்பெட்டி. வண்டியின் பின்பகுதியில் இரண்டும் ஒரே தொகுப்பாக உட்காருகின்றன. மார்க்-1ஏ ஆர்டர் போன நேரத்தில் அந்த எஞ்சினைப் பெரிய அளவில் வாங்க உலகில் வேறு ஆளில்லை. தயாரிப்பு வரிசையை மறுபடி தொடங்க ஆண்டுகள் ஆகும் என்ற செய்தி பின்னால் வந்தது. வண்டியின் உடற்கூடும் பீரங்கிக் கோபுரமும் முடிந்து நின்றாலும் எஞ்சின் இல்லாமல் டாங்கியை ஒப்படைக்க முடியாது. அத்தனை நாளும் தொழிற்சாலையின் சம்பளம், மின்கட்டணம், முதலீட்டின் வட்டி எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து, அந்த 63 கோடிக்குள் என்னென்ன அடக்கம் என்று பார்க்க வேண்டும். ராணுவக் கொள்முதலில் வண்டியோடு பராமரிப்புத் தொகுப்பு என்று ஒன்று வரும்: உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் உதிரி பாகப் பட்டியல், தனிக் கருவிகள், சோதனைப் பெட்டிகள், கையேடுகள், பயிற்சி. ஓர் ஒப்பந்தத்தில் இது சேர்ந்திருக்கும், இன்னொன்றில் தனியாக வரும். 68 டன் எடைக்குத் தாங்கும் பாலம், ஏற்றிச்செல்லும் டிரெய்லர், பழுதானால் இழுக்கும் மீட்பு வண்டி ஆகியவை பெரும்பாலும் வேறு கணக்கில் போகும். இதைச் சரிபார்க்காமல் இரண்டு டாங்கிகளின் விலையை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். டி-90 கூட மலிவாக வந்த பிறகு செலவு வைத்த வண்டிதான். பாலைவனச் சூட்டில் அதன் வெப்பப் படக்கருவிகள் பழுதாயின. பீப்பாய், கோபுரக் கவசம் தொடர்பான தொழில்நுட்பம் நேரத்துக்கு வராததால் ஆவடியில் உற்பத்தி தள்ளிப்போனது.

பட்ஜெட்டில் இதைத் தேட விரும்புவோருக்கு: தரைப்படையின் மூலதனச் செலவு பெருந்தலைப்பு 4076இல் இருக்கிறது. அதற்குள் "கனரக, நடுத்தர வாகனங்கள்" என்று ஒரு சிறுதலைப்பு உண்டு. வெடிபொருளும் அன்றாட உதிரி பாகங்களும் வருவாய்ச் செலவு, அதற்கு 2076. ஆகவே 4076ஐ மட்டும் பார்த்தால் டாங்கியை வாங்கும் செலவு தெரியும், ஓட்டும் செலவு தெரியாது. இன்னொன்று, 2025-26இல் முப்படைகளின் மூலதனத்துக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் கோடி முழுவதும் புது வண்டிகளுக்கு என்று நினைக்க வேண்டாம். கணிசமான பங்கு பழைய ஒப்பந்தங்களின் தவணைகளுக்கே போய்விடும்.

சரி, யார் கண்காணிக்கிறார்கள்? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பொதுக்கணக்குக் குழு, பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. மூன்றும் தேவையான அமைப்புகள்தான். ஆனால் தணிக்கை, பணம் செலவான பிறகு வருகிறது. எண்ணிக்கையைக் குறைக்கும் முடிவு, எஞ்சினை ஒரே நாட்டிடம் வாங்கும் முடிவு ஆகியவை எடுக்கப்படும் நாளில் அவர்கள் யாரும் அந்த அறையில் இருப்பதில்லை. அறிக்கை வந்தாலும் எண்கள் இருக்கும் என்று சொல்ல முடியாது. ரஃபேல் போர்விமானக் கொள்முதல் பற்றிய 2019 தணிக்கை அறிக்கையில் விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன.

அமெரிக்காவில் 1980களிலிருந்து நன்-மெக்கர்டி என்றொரு சட்டம் இருக்கிறது. பெரிய ஆயுதத் திட்டத்தில் ஓர் அலகின், அதாவது ஒரு வண்டி அல்லது விமானத்தின், விலை நடப்பு அடிப்படை மதிப்பீட்டைவிட 15 சதவீதமோ முதல் மதிப்பீட்டைவிட 30 சதவீதமோ ஏறினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அது 25 அல்லது 50 சதவீதம் ஆனால், பாதுகாப்புச் செயலர் காரணம் காட்டிச் சான்றளிக்காவிட்டால் திட்டம் நிற்கும். கடற்படைக் காலாட்படையின் ஈஎஃப்வி என்ற, நீரிலும் நிலத்திலும் ஓடும் கவச வண்டி 2007இல் இதில் சிக்கியது. எண்ணிக்கையை 1,013இலிருந்து 573 ஆகக் குறைத்தார்கள், குறைத்ததால் அலகு விலை இன்னும் ஏறியது. 2011இல் கைவிட்டார்கள். அதற்குள் சுமார் 300 கோடி டாலர் போய்விட்டது. சட்டம் இருந்தும் இழப்பு நேர்ந்தது உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகள் முன்பே எல்லோருக்கும் எண்கள் தெரிந்திருந்தன.

"விலையை உறுதிசெய்த ஒப்பந்தம் போட்டால் போதுமே" என்பார்கள். பிரிட்டன் அதைத்தான் செய்தது. 589 அஜாக்ஸ் கவச வண்டிகளுக்கு ஏறத்தாழ 550 கோடி பவுண்டு என்று உறுதியான விலை. 2021 டிசம்பருக்குள் 320 கோடி பவுண்டு கொடுத்தாகிவிட்டது, கைக்கு வந்தவை 26 வண்டிகள். இரைச்சலும் அதிர்வும் வீரர்களின் உடலைப் பாதிக்கும் அளவு இருந்ததால் சோதனை ஓட்டமே நிறுத்தப்பட்டது. விலை ஏறவில்லை, பணம் மட்டும் வண்டிக்கு முன்னால் ஓடிவிட்டது. தவணையை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி: காகித மைல்கல்லுக்கா, சோதனையில் தேறிய வண்டிக்கா?

இங்கே இது பழைய கதையும் அல்ல. 2024 செப்டம்பரில், பழைய டி-72 டாங்கிகளுக்குப் பதிலாக 1,770 புதிய டாங்கிகள் வாங்கும் திட்டத்துக்கு முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் மைசூருவில் 2024 மார்ச்சில் முதல்முறையாக இயங்கியது. விலை பேசத் தொடங்குவதற்கு முன்பே நிலைக்குழு உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் இவை: எண்ணிக்கை பாதியானால் அலகு விலை என்ன ஆகும் என்ற அட்டவணை, எஞ்சின் தாமதமானால் மாற்று என்ன, பராமரிப்புத் தொகுப்பு உள்ளேயா வெளியேயா, முன்பணம் எந்தச் சோதனையோடு கட்டப்பட்டிருக்கிறது. நான்கும் திட்ட அலுவலகம் தன் வேலைக்காக எப்படியும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள். ரகசியக் கவச விவரம் எதுவும் இவற்றில் இல்லை.