குமுளி மலையில் காந்தாரி மிளகாய்

கம்பத்தை விட்டு லோயர் கேம்ப் தாண்டினால் மலைப்பாதை. வளைவுகள் முடிந்து குமுளி வரும்போது உயரம் ஏறத்தாழ 900 மீட்டர்; தமிழும் மலையாளமும் ஒரே கடையில் புழங்கும். காய்கறிக் கடையில் காந்தாரி கேட்டால், "வெள்ளையா, பச்சையாண்ணே?" என்பார்கள். உறைப்புக்குப் பச்சை. வெள்ளை கொஞ்சம் சாது, ஆனாலும் நம்பிக் கடித்துவிடக் கூடாது.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். காய் வானம் பார்த்து நிற்கும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஆந்திராவின் குண்டூர் சன்னம் மிளகாய் 35,000 முதல் 40,000 என்றால், காந்தாரிக்கு 50,000 முதல் 1,00,000 வரை சொல்வார்கள். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளுத்த சதையில். பறவைகளுக்கு அது உறைக்காது. தின்றுவிட்டு எச்சமிடும் இடத்திலெல்லாம், வேலியோரம், ஏலத்தோட்ட ஓரம் என்று தானாகவே முளைத்து நிற்கும்.

நட்டு வளர்ப்பவர்கள் நன்றாகச் சிவந்த பழத்தின் விதையையே எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாமல் தூவினால் போதும். முளைக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். பொறுமையிழந்து தண்ணீரைக் கொட்டினால் நாற்று அழுகும். ஐந்தாறு இலை வந்ததும் 75 சென்டிமீட்டர் இடைவெளியில் மாற்றி நடலாம். இந்தப் பக்கத்து மண் புளிப்பு, அதனால் இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்பு போடணும். சாணியோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும்.

மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொய்ந்தால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகிக்கலாம். தண்டின் அடியை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடித்துப் பாருங்கள்: வெட்டுவாயிலிருந்து பால்போல் மெல்லிய இழை இறங்கினால் அதுதான். மருந்தடித்துப் பயனில்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரிகூட வைக்காதீர்கள். ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியும் வடிகாலும்தான் காப்பு.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். மருந்துக் கடையில் இதைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு.

காம்போடு பறித்தால் சீக்கிரம் அழுகாது. கை எரிந்தால் முதலில் தேங்காயெண்ணெய், பிறகு சோப்பு. வெறும் தண்ணீர் உதவாது. கப்பைக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, இதையே சின்ன வெங்காயம், உப்புடன் அம்மியில் நசுக்கி, பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றித் தொட்டுக்கொள்வார்கள். நாலு பேருக்கு ஆறு காய் தாராளம்.