நாலு விழுது தறி: ட்வில் வரைக்கும் வந்தாச்சு

ரெண்டு விழுதுல சாதா நெசவே போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, அதான் நாலு விழுதுக்கு மாறினேன். விழுதுன்னா பாவு இழைய, அதாவது தறியில நீளவாக்குல கட்டுற நூலக் கோத்துத் தூக்குற கண்ணி வரிசை. மேஜை மேல வைக்கிற சைஸ் தறிதான், மிதியெல்லாம் கிடையாது, மேல நாலு லீவர் இருக்கும், எதத் தள்ளுறோமோ அந்த விழுது தூக்கும். மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு ஆசாரி படத்தப் பாத்தே செஞ்சு குடுத்தாரு. இழைய வரிசையாப் பிரிச்சு நிறுத்துற சீப்பு மாதிரி அச்சு மட்டும் செல்லூர்ல வாங்குனது.

நூல் 2/20 காட்டன், அதாவது 20-ஆம் நம்பர் நூல் ரெண்ட சேத்து முறுக்குனது, ரெண்டு பிரி முறுக்கு நூலுங்கிறதால கஞ்சி போடுற வேலை மிச்சம். அச்சு 40, அதாவது ரெண்டு இஞ்சுக்கு 40 பல்லு, பல்லுக்கு ரெண்டு இழை விட்டா இஞ்சுக்கு 40 இழை ஆச்சு, 8 இஞ்சு அகலத்துக்கு 320. சாதா நெசவுக்கு இந்த நூல்ல இம்புட்டு நெருக்கம் ஆகாது, சாய்வுக் கோடு விழுற ட்வில்லுக்குத் தாங்கும், ஏன்னா அதுல குறுக்க போற ஊடை நூல் ரெண்டு இழை மேல ரெண்டு இழை கீழனு தாவித் தாவிப் போறதால நூல் பின்னிக்கிற இடம் பாதியாயிருது. சும்மா பாப்போமேன்னு அதே பாவுல கொஞ்சம் சாதா நெசவும் போட்டேன், அந்தத் துண்டு மட்டும் அட்டை கணக்கா வெறச்சு நிக்குது, ட்வில் போட்ட இடம் கைய விட்டா மடிஞ்சு விழுது. அலசிக் காயவச்சப்புறம் வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரியுது.

நெய்யுறது கூட சுகமாப் போயிருது, விழுதுல கோக்குறதுதான் உசுர வாங்குது. கொக்கிய விழுதுக் கண்ணுக்குள்ள விட்டு ஒவ்வொரு இழையா இழுக்கணும், ஒண்ணு ரெண்டு மூணு நாலு, மறுபடி ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாலு இழை ஆனதும் சரிபாத்து உருவு முடிச்சு போட்டுட்டுத்தான் அடுத்த நாலு. நடுவுல யாராச்சும் வந்து காபி வேணுமானு கேட்டா தலைய மட்டும் ஆட்டுறது. ஆனா கோத்து முடிச்சுட்டா ராஜாதான், 1-2, 2-3, 3-4, 4-1 னு ஜோடி ஜோடியாத் தூக்கிட்டே போனா கோடு ஒரு பக்கமா சாஞ்சு ஏறும், பாதியில வரிசையத் திருப்பினா கோடும் திரும்பி நீளவாக்குல நெளி நெளியா வருது, ஒரே கோர்ப்புதான், தூக்குற வரிசை மட்டும்தான் மாறுது. நம்ம ஜீன்ஸ் துணியும் இதே ஜாதிதான், அதுல மூணு மேல ஒண்ணு கீழ.

ட்வில்ல ஓரம் ஒரு தொல்லை. கடைசி இழைய ஊடை பல தடவை பிடிக்காமலே திரும்பிடும், அது பாட்டுக்குத் தொங்கும். இதுக்கு ரெண்டு ஓரத்துலயும் விழுதுல கோக்காம அச்சுல மட்டும் விட்ட தனி இழை ஒண்ணு வைக்கணும், ஊடை நூலக் கொண்டுபோற நாடா உள்ள போறப்ப அதுக்கு மேல, வெளிய வர்றப்ப அதுக்குக் கீழ. கொஞ்ச நேரத்துல கை தானாப் பழகிருது, ஓரம் கத்தி மாதிரி நேரா வருது.

அச்சு வாங்குன எடத்துக்குப் பக்கத்துலயே தறி போட்டிருக்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட துண்டக் கொண்டுபோய்க் காட்டினேன். துணிய விட்டுட்டு மொதல்ல ஓரத்தத்தான் தடவிப் பாத்தாரு, "பரவால்லம்மா"ன்னாரு. அப்புறம், "முடிஞ்ச பாவ மொத்தமா உருவிட்டியா என்ன?"ன்னு கேட்டாரு. இல்லங்கய்யா, இன்னும் தறியிலதான் கெடக்குன்னேன். "அப்ப உருவாத. வால விட்டு வச்சு அதுல புதுப் பாவப் பிணைச்சிரு, எங்க தறியில விழுது கோத்து வருசக்கணக்காச்சு"ன்னு சொல்லிட்டு, சாம்பலத் தொட்டுக்கிட்டு பழைய இழையையும் புது இழையையும் சேத்து ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினாரு. முடிச்சே இல்ல, இழுத்துப் பாத்தேன் வரல. நான் முறுக்கினா வந்துருது. அதனால இப்போதைக்கு முடிச்சுப் போட்டுத்தான் பிணைக்கப்போறேன், முடிச்சு விழுதுக் கண்ணுலயும் அச்சுப் பல்லுலயும் நுழையுற அளவுக்கு சின்னதா இருந்தாப் போதும்.

டைமண்ட் டிசைன் வரணும்னா 1-2-3-4-3-2 னு திரும்பக் கோக்கணும், அந்த ஆசையும் இருக்கு. ஆனா நாலு விழுத மொத்தம் 14 விதமாத் தூக்கலாம், இதுல நான் சாதா நெசவுக்கு ரெண்டு, ட்வில்லுக்கு நாலுனு ஆறுதான் தொட்டிருக்கேன். அடுத்த பாவு இதே கோர்ப்புலதான், கருப்புப் பாவு, வெள்ளை ஊடை, ஒவ்வொரு விழுதாத் தனித்தனியாத் தூக்கிப் பாக்கப்போறேன்.