பவர்ஷாட் ஏ590-ல் சி.எச்.டி.கே.: கேமரா லேசு, கார்டுதான் பாடு

கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் ஒருவழியாக மெமரி கார்டிலிருந்தே சி.எச்.டி.கே.யை (கேனான் கேமராக்களுக்குக் கூடுதல் வசதிகள் தரும் இலவச மென்பொருள்) ஏற்றிக்கொண்டு எழுந்துவிட்டது. பவரை அமுக்கினால் லோகோ ஒரு கணம் தெரிந்து மறைகிறது. பிரிண்ட் பொத்தான் இனி ஆல்ட் பொத்தான், அதாவது சி.எச்.டி.கே.க்குள் நுழையும் வழி. பேட்டரி வோல்ட்டேஜ், லைவ் ஹிஸ்டோகிராம், ரா (பதப்படுத்தாத படக்கோப்பு) சேமிப்பு, இன்டர்வலோமீட்டர் (குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுப்பது) எல்லாம் கைக்கு வந்தாச்சு. 2008-ல் வந்த 8 மெகாபிக்சல் காம்பாக்டுக்கு இது ராஜ மரியாதை.

படமெடுக்கப் பழகுபவருக்கு எந்தக் காம்பாக்ட் என்று கேட்டால் இன்னமும் இந்த ஏ வரிசையைத்தான் கைகாட்டுவேன். டயலில் பி, டிவி, ஏவி, எம் நான்கும் உண்டு: தானியங்கி முதல் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைப்பது வரை. 35 மி.மீ. முனையில் எஃப்2.6, முழு ஜூம் 140 மி.மீ.யில் எஃப்5.5. வெயிலில் திரை தெரியாதபோது கண் வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இருக்கிறது. டபுள் ஏ பேட்டரி இரண்டு போதும். ஐஎஸ்ஓ 80, 100-ல் படம் சுத்தம். 400-ஐத் தாண்டினால் புள்ளி புள்ளியாக வரும். என்ன, பழைய கேமராக்களின் சிசிடி சென்சார் தரும் நிறத்துக்கு ‘சிசிடி கலர்’ என்று ஒரு மோகம் கிளம்பியதிலிருந்து பரணில் கிடந்ததையெல்லாம் ‘விண்டேஜ்’ என்று விலை ஏற்றிவிட்டார்கள். வாங்கும்போது ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள். பேட்டரி மூடியின் கொக்கி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி உடைந்தால் ஸ்பிரிங் மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கேமரா பாதியில் அணைந்துவிடும்.

கேமராவின் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மூல மென்பொருள்) எண்ணுக்குப் பொருந்திய சி.எச்.டி.கே.யைத்தான் போடவேண்டும். எண் பார்ப்பது தெரிந்த வேலைதான்: கார்டில் வெர்ஸ்.ரெக் என்ற வெற்றுக் கோப்பு, பிளேபேக்கில் ஃபங்க்-செட்டையும் டிஸ்ப்பையும் சேர்த்து அமுக்குவது. எண் வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை விண்டோஸ் கோப்பின் வாலில் ‘டெக்ஸ்ட்’ என்று ஒட்டியிருக்கும். ஏ590-க்கு 1.00இ, 1.01பி என்று இரண்டு உண்டு; மாற்றிப் போட்டால் கேமரா உறைந்து நிற்கும் அல்லது அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. சி.எச்.டி.கே. கேமராவின் நிரந்தர ஃபிளாஷ் மெமரியில் எதையும் எழுதுவதில்லை, தற்காலிக மெமரியில்தான் ஓடுகிறது.

இனி கார்டு. உயிரை வாங்கும் இடம் இதுதான்.

கேமரா எழும்போது இரண்டு விஷயம் பார்க்கும். கார்டு லாக் ஆகியிருக்கிறதா? கார்டின் தொடக்கப் பகுதியான பூட் செக்டாரில் ‘பூட்டிஸ்க்’ என்ற எட்டு ஆங்கில எழுத்துக் குறி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சி.எச்.டி.கே.யின் டிஸ்க்பூட்.பின் கோப்பை எடுத்து ஓட்டும். அந்தக் காலத்து கேமராக்கள், அதாவது 2011-க்கு முந்தியவை, ஃபேட் 16 என்ற பழைய கோப்பு முறையில் அமைந்த பார்ட்டிஷனில் மட்டுமே அந்தக் குறியைத் தேடும். ஃபேட் 16-க்கு உச்சவரம்பு 4 ஜிபி. கடையில் 32 ஜிபி வாங்கிப் போட்டுவிட்டு ‘பூட் ஆகவில்லை’ என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். பெரிய கார்டை இரண்டாகப் பிரித்து, சின்ன ஃபேட் 16-ல் பூட், பெரிய ஃபேட் 32-ல் படம் என்று வைக்கலாம். வேலை செய்யும், ஆனால் விண்டோஸின் சில பதிப்புகள் கார்டில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே காட்டும். படம் எங்கே போச்சு என்று தேட வேண்டிவரும். 2 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று தேடிப்பிடிப்பது எவ்வளவோ மேல். கேமராவிலேயே ஃபார்மட் செய்தால் தானாக ஃபேட் 16 ஆகிவிடும்.

அதன்பின் கணினியில் எந்தக் கருவியும் தேவையில்லை. சி.எச்.டி.கே. கோப்புகளை அப்படியே கார்டில் கொட்டி, லாக் போடாமல் செருகி, பிளேபேக் மெனுவின் அடியில் இருக்கும் ‘ஃபர்ம் அப்டேட்’ வழியாக ஒரு தடவை ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே எஸ்டி கார்டு மெனுவில் ‘மேக் பூட்டபிள்’ இருக்கிறது. அதைத் தட்டினால் குறி எழுதப்பட்டுவிடும். பிறகு லாக் போட்டுச் செருகினால் முடிந்தது. கேமராவில் மறுபடி ஃபார்மட் செய்தால் குறியும் கோப்புகளும் போய்விடும், முதலிலிருந்து வரவேண்டும்.

லாக் சுவிட்ச் சமாச்சாரம் தனிக் கதை. அந்த பிளாஸ்டிக் துண்டுக்கும் கார்டின் சிப்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கேமராவின் ஸ்லாட்டில் ஒரு சின்ன நாக்கு கார்டின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறது: பள்ளம் மூடியிருந்தால் எழுதலாம், திறந்திருந்தால் லாக். பழைய கார்டில் துண்டு தளர்ந்திருக்கும். லேப்டாப்பிலிருந்து உருவும்போது அன்லாக் பக்கம் நழுவும். கேமராவில் செருகும்போது பாதி வழியில் நிற்கும். காலையில் பூட் ஆன கார்டு மாலையில் ஆகாததற்கு இதுதான் காரணம், சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீர்கள். துண்டு மொத்தமாக உடைந்து விழுந்த கார்டை எல்லாரும் தூக்கிப் போடுவார்கள். நமக்கோ அதுதான் தங்கம். பள்ளம் எப்போதும் திறந்தே இருக்கும், எப்போதும் லாக். கணினியில் எழுதவேண்டி வந்தால் பள்ளத்தின்மேல் செல்லோடேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டவேண்டும். கேமராவில் போடும்முன் உரித்துவிட வேண்டும். கேமராவுக்குள் படம் சேமிப்பதற்கும் அழிப்பதற்கும் தடையில்லை, லாக்கை சி.எச்.டி.கே. கண்டுகொள்ளாது.

2 ஜிபி கார்டுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பளபளக்கும் கடைகளில் கேட்டுப் பயனில்லை. பழைய சாமான் பிரித்து விற்பவர்களிடம் கேளுங்கள். பழைய போனின் மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டாலும் ஓடும். லாக் துண்டு அடாப்டரில் இருக்கும். எதை வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி, சொன்ன கொள்ளளவு உண்மைதானா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

டைம்லாப்ஸுக்கு இப்போது வைத்திருக்கும் அமைப்பு: எம் மோடு, ஒயிட் பேலன்ஸ் டேலைட், ஃபோகஸ் மேனுவல், ஃபிளாஷ் அணைப்பு, ரிவ்யூ அணைப்பு, டிஸ்ப் அமுக்கித் திரை அணைப்பு. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மேகம் நகரும்போதெல்லாம் வீடியோ நீலமும் மஞ்சளுமாக மாறி மாறி அடிக்கும். 5 விநாடிக்கு ஒன்று, 24 ஃபிரேம் கணக்கில் 10 விநாடி வீடியோவுக்கு 240 படம், 20 நிமிடம். அல்கலைன் பேட்டரி இதற்குத் தாங்காது; வோல்ட்டேஜ் சரிந்து, உள்ளே சத்து இருக்கும்போதே கேமரா மூடிக்கொள்ளும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 2000 எம்ஏஎச் போதும்.

ரா பக்கம் இன்னும் பாதிதான். ஒரு கோப்பு ஏறத்தாழ 10 எம்பி. ஜேபெக்கோடு சேர்த்தால் 2 ஜிபியில் 150 சொச்சம் படம். ராவை டிஎன்ஜி என்ற பொதுவான கோப்பு வடிவில் சேமிக்க, 1.1 பதிப்பு என்றால் பேட்பிக்சல் ஸ்கிரிப்டை ஓட்டிக் கெட்ட பிக்சல் பட்டியல் ஒன்று செய்துகொள்ள வேண்டும். 1.3 என்றால் அது வேண்டாம், ஆனால் திறக்கும் மென்பொருளுக்கு அந்தப் பதிப்பு தெரிந்திருக்க வேண்டும். பட்டியலை இன்னும் செய்யவில்லை, அதற்குள் மனசு மின்னலுக்குப் போய்விட்டது. ஐப்பசி மழைக்கு இரவில் 15 விநாடி எக்ஸ்போஷர்களைத் தொடர்ச்சியாக விடவேண்டும். 1.3 விநாடிக்கு மேல் போனாலே கேமரா அதே நேரத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, அதை வைத்து நாய்ஸைக் (புள்ளிகளை) கழிக்கும். மின்னல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வெட்டும். சி.எச்.டி.கே. மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தால் இடைவெளி குறைகிறது. பகல் மின்னலுக்கு, அசைவு தெரிந்ததும் படமெடுக்கும் மோஷன் டிடெக்‌ஷன் ஸ்கிரிப்ட். ஷட்டரைத் தொடாமல் தட்ட மினி யுஎஸ்பி கேபிளும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி மூன்றும் எடுத்து வைத்தாச்சு, 4.5 வோல்ட் வரும்; யுஎஸ்பி வழியே வரும் அந்த மின்சாரத்தை வைத்து சி.எச்.டி.கே. படமெடுக்கும். பிளஸ், மைனஸ் மாறாமல் சால்டர் செய்வதுதான் பாக்கி.