ஹீரோ இல்லாத ரசிகர் மன்றம்

ஜூன் 7, 2025, சனி

அக்கா மகன் லீவுக்கு வந்து மூன்று நாளாச்சு. போனோடு திண்ணையில் உட்கார்ந்தால் சோத்துக்குக் கூப்பிட்டாலும் எழுவதில்லை. இன்றைக்கு என்னதான் செய்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். பஸ் ஓட்டுகிற கேம். அதுகூடப் பரவாயில்லை, திரையில் ஓடுவது எங்கள் ஈரோடு–சத்தி ரோட்டில் நான் இருபது வருஷமாகக் கோபியில் ஏறி இறங்குகிற தனியார் வண்டி! கண்ணாடிக்கு மேலே சாமி பேர், பக்கவாட்டில் சாய்ந்த பட்டைக் கோடு, எல்லாம் அச்சு அசல். சுற்றிலும் மட்டும் ஏதோ ஓட்டு வீடுகள், புரியாத பாஷையில் போர்டுகள்.

"இது இந்தோனேசியாக்காரங்க கேமுங் மாமா. நாம வண்டிய மட்டும் மாத்திக்கிட்டோம்."

2017இல் வந்த 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்கிற கேமாம். அதில் வண்டிக்குப் பூசுகிற டிசைனை நாமே வரைந்து ஏற்றலாம், அதற்கு லிவரி என்று பேர். வண்டியையே புதிதாகச் செய்து ஏற்றினால் அது மாட். இந்த லிவரியை வரைந்தவன் கரூரில் ஒரு காலேஜ் பையன். காசெல்லாம் கிடையாது, ஆசைக்குச் செய்ததாம். எனக்கு ராத்திரி சாப்பிடும்போதுகூட அதே யோசனை.

ஜூன் 8, ஞாயிறு

மருமகன் பஸ் ரசிகர்கள் குரூப்பில் இருக்கிறானாம். எனக்குத் தெரிந்த ரசிகர் மன்றம் என்றால் கட்அவுட், பாலாபிஷேகம், முதல் ஷோ, நகரத் தலைவர், ஒன்றியச் செயலாளர். அந்த நினைப்பில்தான் "உங்க குரூப்புக்குத் தலைவர் யாருடா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். அட்மின் உண்டு, தலைவர் கிடையாது. ஒரே குரூப்பும் கிடையாது. அரசு பஸ் ஆட்கள் தனி, தனியார் பஸ் ஆட்கள் தனி. பழைய போட்டோ தேடுகிறவர்கள், ஃபோம் ஷீட்டை வெட்டி முழ நீளத்துக்குக் குட்டி பஸ் செய்கிறவர்கள், ஹாரன் சத்தத்தை மட்டும் பதிவு செய்கிறவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம். ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைக் கண்டால் லேசான இளக்காரம் வேறு.

பொழுதோட அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். வண்டி நம்பரில் டிஎன் 36 என்றால் கோபி, 33 ஈரோடு, 47 கரூர், இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அரசு பஸ் நம்பரில் 'என்' எழுத்து வரும் என்பதை இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. டிஎன் 33 என், டிஎன் 38 என் என்று நின்றிருந்த வண்டி ஒவ்வொன்றிலும் இருந்தது. அப்புறம் திரும்பி நின்றுகொண்டு, பின்னால் வருகிற வண்டி லேலண்டா டாட்டாவா என்று சத்தத்தை வைத்தே சொன்னான். ஐந்துக்கு நாலு சரி.

ஜூன் 11, புதன்

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு வீடியோ காட்டினான். ஜாவா தீவில் சின்னப் பிள்ளைகள் ரோட்டோரம் அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள்: 'ஓம் தெலோலெத் ஓம்'. ஓம் என்றால் அங்கே மாமா, தெலோலெத் என்பது அந்த ராக ஹாரன் சத்தம். அதாவது, "மாமா, ஹாரன் அடிங்க மாமா!" டிரைவர் அடித்ததும் அந்தப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்க்க வேண்டுமே. 2016 டிசம்பரில் இது உலகம் பூராவும் பரவியதாம். கவுந்தப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்களும் லாரிக்காரரைப் பார்த்துக் கையை மடக்கி இழுத்துக் காட்டியிருக்கிறோம், அட்டை எழுதத்தான் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் அவனிடம் கறாராகச் சொன்னேன். ராக ஹாரன் இங்கே சட்டப்படி கூடாது, மோட்டார் வாகன விதி 119இல் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் அடித்துவிட்டுப் போகிறவனை வீடியோ எடுத்து மாஸ் என்று போடுவதும், டைமிங்குக்காக ரெண்டு வண்டி முட்டிக்கொண்டு ஓடுவதற்குப் பாட்டுப் போடுவதும் ரசனை இல்லை. "அதைப் போடறவனுகள நாங்களே திட்டுவோமுங்" என்றான். எல்லாரும் திட்டுவதாகத் தெரியவில்லை, வீடியோவுக்குக் கீழே பாராட்டி நெருப்பு இமோஜிகள்தான் வரிசையாக இருந்தன.

ஜூன் 14, சனி

தப்புப் பண்ணிவிட்டேன். கரூர் பைபாஸில் எடுத்த போட்டோ ஒன்று குரூப்பில் வந்தது. பாடி கட்டாத வெறும் பஸ் சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் மட்டும் இருக்கிற அடிச்சட்டம், கூரையில்லை, கண்ணாடியில்லை, எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்து, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருத்தர் காற்றையும் வெயிலையும் மூஞ்சியில் வாங்கியபடி ஓட்டிக்கொண்டு வருகிறார். கம்பெனியில் இருந்து இப்படி மொட்டையாக ஓட்டி வந்துதான் கரூரில் பாடி கட்டுகிறார்கள். நல்ல படம். ஓரத்தில் இருந்த பேர் உறுத்தலாகத் தெரிந்ததால் வெட்டிவிட்டு ஸ்டேட்டஸில் வைத்தேன்.

மருமகன் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை, பேச்சை நிறுத்திவிட்டான், அதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்தவன் அந்த லிவரி வரைந்த அதே பையன். அவன் வெயிலில் நாலு மணி நேரம் நின்று எடுத்தது. இவர்களுக்குக் கூலி, பரிசு, மாலை எதுவும் இல்லை. அந்த மூலையில் இருக்கிற பேர் ஒன்றுதான் வருமானம், அதைப் போய் நான் வெட்டியிருக்கிறேன். மாட் செய்கிறவர்கள் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதும் இதற்குத்தானாம். யாரோ திறந்து தன் பேரைப் போட்டுக்கொண்டால் வாரக்கணக்கில் சண்டை நடக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

கரூர்ப் பையனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பையன் ரொம்ப மரியாதையாக, "பரவால்லீங்ணா, உங்களுக்குத் தெரியாதுல்லீங்" என்றான். முழுப் படத்தையும் மறுபடி வைத்தாச்சு. பேச்சு வளர்ந்து, பழைய போட்டோ ஏதாவது வீட்டில் இருக்குமாங்க என்று கேட்டான். 1997க்கு முந்தியது என்றால் விசேஷம். அந்த வருஷம்தான் சேரன், ஜீவா என்று தலைவர்கள், மன்னர்கள் பேரில் இருந்த போக்குவரத்துக் கழகப் பேர்களை எல்லாம் எடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கமெல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பேர்தான்.

ஜூன் 22, ஞாயிறு

பரண்மேல் இருந்து அக்கா கல்யாண ஆல்பத்தை இறக்கினோம். 1996. மண்டபத்து வாசலில் பொண்ணு மாப்பிள்ளை, இந்தப் பக்கம் அப்புச்சி, அந்தப் பக்கம் சீர்த்தட்டோடு ஒரம்பரைச் சனம். பின்னால் கல்யாண ஸ்பெஷலாக வந்த பஸ், பக்கவாட்டில் 'ஜீவா' என்கிற எழுத்து பாதி தெரிகிறது. மீதியை அப்புச்சி தலைப்பா மறைத்துக்கொண்டது.

ஸ்கேன் செய்து, எடுத்த ஸ்டுடியோ பேரை மறக்காமல் போட்டு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் குரூப் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பஸ் முகப்பு கிரில்லைப் பெரிசாக்கிப் பார்த்து வருஷம் சொல்கிறார்கள், ஜன்னல் கம்பியை எண்ணுகிறார்கள். ஒருத்தன், "அந்தத் தலைப்பாத் தாத்தா சித்த நகர்ந்து நிக்கற படம் வேற இருக்குங்களா?" என்று கேட்கிறான். ஒருத்தர்கூடக் கல்யாணப் பொண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

ராத்திரி அக்கா போன். யாரோ பஸ்ஸை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றவிட்ட படம் அவளுக்கே வந்திருக்கிறது.

"ஏண்டா, ஓரத்துல என்ற பட்டுச்சீலை முந்தானை மட்டுந்தான் தெரியுது, நான் எங்கடா?"