இடுப்பு ஆடாமல் பெகு வரை

ரங்கூனிலிருந்து பெகு 50 மைல். வழியில் மலை கிடையாது, சொல்லும்படி ஏற்றமும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் போன வருஷம் நண்பர்களோடு சைக்கிளில் கிளம்பினேன். வழியிலுள்ள லெகு ஊரைத் தாண்டியதும் முதுகின் அடிப்பக்கம் கம்பி வைத்துக் கட்டியதுபோல இறுகிவிட்டது. காலில் தெம்பு இருக்கிறது, சீட்டில் உட்கார முடியவில்லை. பெகுவில் 180 அடி நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தபோது, பாவம் எனக்கு, பக்தியைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது. திரும்பும்போது பிக்கப் வண்டியின் பின்னால் சைக்கிளோடு நானும் ஒரு மூட்டை.

ஏற்றம் என்றால் எழுந்து மிதிப்போம், உடம்பு நிலை மாறும். சமதரையில் அது இல்லை. மணிக்கணக்கில் ஒரே குனிவு. பின்னால் வந்த நண்பன், "மச்சான், உன் இடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடுது" என்றான். முதலில் சீட்டைப் பார்த்தேன். மிதியைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள், சீட் இரண்டு விரற்கடை உயரமாக இருந்தது. இறக்கியதும் ஆட்டம் பாதி குறைந்தது. வலி குறையவில்லை.

சரி, வயிற்றில் பலம் இல்லை என்று முடிவு கட்டி, காலையில் எழுந்த உடனே 100 சிட்டப். ஒரு மாசம். வலி கூடியதுதான் மிச்சம். அப்புறம்தான் முதுகுத்தண்டை ஆராய்ந்த கனடாக்காரர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்வதைப் படித்தேன். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகை வளைத்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். சிட்டப்போ வளைப்பதையே வேலையாகக் கொண்டது. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறேன்! சைக்கிளுக்கு வேண்டியது நடு உடம்பை மடக்கும் பலம் இல்லை, கால் சுற்றும்போது நடு உடம்பு அசையாமல் நிற்கும் பலம்.

பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். அவர் சொல்வது மூன்று. மல்லாந்து, ஒரு முழங்காலை மடக்கி, கைகளை இடுப்பு வளைவுக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் துளி மட்டும் தூக்குவது. பக்கவாட்டில் முழங்கை ஊன்றி நிற்கும் சைடு பிளாங்க். நான்கு கால் பிராணியாக நின்று வலது கை, இடது கால் நீட்டி, பிறகு மாற்றி நீட்டும் பேர்டு டாக். ஒவ்வொரு தடவையும் 10 விநாடிதான். முதல் சுற்றில் 6 தடவை, அடுத்து 4, கடைசியில் 2. இவ்வளவுதானா என்று அலட்சியமாக ஆரம்பித்தேன். பேர்டு டாக் செய்யும்போது இடுப்பின்மேல் அரை டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். முதல் நாள் பாய் நனைந்தது, இரண்டாம் நாளும் நனைந்தது.

அந்த நேரம் எங்கள் தெருவில் பெரும்பாலும் கரண்ட் இருக்காது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடிகாரம் தெரியாது. அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி எண்ணிக் கொடுப்பார். கடைத்தெருவில் காசு எண்ணிப் பழகிய வாய், அதனால் பர்மாக்காரர் எண்ணிக்கைதான் வரும்: "தித், ஹ்னித், தோங்..." பேச்சு நடுவில் வந்தால் ஏழிலிருந்து மறுபடி ஐந்துக்குப் போய்விடுவார். என் 10 விநாடி சில நாள் 15 ஆனது அப்படித்தான்.

சைடு பிளாங்கில் ஒரு விஷயம் பிடிபட்டது. இடது முழங்கை ஊன்றினால் நிற்கிறேன், வலது ஊன்றினால் 6 விநாடியில் நடுக்கம். ஐந்தாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. பல வருஷமாகச் சைக்கிளை வலது தோளில்தான் தூக்குகிறேன். வலது தோளில் பாரம் இருந்தால் உடம்பைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடது பக்கத் தசை. வலதுக்கு வேலையே இல்லாமல் போயிருக்கிறது. அன்று முதல் தோளை மாற்றி மாற்றித் தூக்குகிறேன். வலதுக்கு முழங்காலை மடக்கி ஊன்றும் சுலபமான முறையில் மூன்று வாரம் ஓட்டினேன்.

பிற்பாடு, மல்லாந்து படுத்துக் கையையும் எதிர்க் காலையும் மாற்றி மாற்றி நீட்டும் டெட் பக்கும் சேர்த்தேன். கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்து காலாட்டுமே, அதே கோலம். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் குளூட் பிரிட்ஜில் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. குதிகாலை இன்னும் உள்ளே இழுத்து வைத்ததும் சரியானது. லுங்கியில் இதெல்லாம் நடக்காது, சொல்லிவிட்டேன். காலில் மரமரப்பு இறங்குகிறவர்கள் இதை விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வாரம், சைக்கிள் ஓட்டும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது நின்றிருந்ததைக் கவனித்தேன். அதுவரை உடம்பின் பாரத்தைக் கைகளில் போட்டு ஹேண்டிலில் தொங்கியிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடி பெகு போனோம். தௌக்சான் போர்வீரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் தண்ணீர் குடிக்க மட்டும் நின்றேன். போன தடவை அங்கேயே புல்லில் படுத்தவன் நான். லெகு தாண்டியும் முதுகு பேசவில்லை. கழுத்துதான் வலித்தது, அதற்கு ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்க வேண்டும். திரும்பியது ரயிலில், 100 மைலுக்கு இன்னும் ஆளில்லை. வீட்டுப் படியில் இடது தோளில் சைக்கிளைத் தூக்கினேன், மூன்றாம் மாடியில் ஒரு தடவை இறக்கி வைத்தேன்.