பசிபிக் பக்கம்

பொண்ணு குளோப சுத்தி விட்டா. அது நின்ன பக்கத்துல நிலமே காணோம். ஓரத்துல ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் கொஞ்சூண்டு எட்டிப் பாக்குது, மத்ததெல்லாம் நீலம்.

"இந்தப் பக்கம் நாடு வரைய மறந்துட்டாங்களாப்பா?"

இல்லம்மா, அது பசிபிக்.

சுமார் 16.5 கோடி சதுர கிலோமீட்டர். உலகத்துல இருக்குற மொத்த நிலத்தையும் தூக்கி அதுல போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். அங்க இருக்குற மரியானா அகழிங்குற கடலடிப் பள்ளத்துக்குள்ள எவரெஸ்ட்ட இறக்கினா உச்சிக்கு மேல இன்னும் 2 கிலோமீட்டர் தண்ணி நிக்கும். ஆர்க்டிக் பாவம், பசிபிக்ல பத்துல ஒரு பங்குகூட தேறாது, ஆனா அதுவும் பெருங்கடல் லிஸ்ட்லதான் இருக்கு.

எனக்கு என்னவோ இந்தப் பெருசுங்கள விட சின்னக் கடலுங்கதான் பிடிக்கும். பால்டிக்ல ஆறுங்க வந்து கொட்டிக்கிட்டே இருக்கும், வெயிலும் கம்மி, அதனால உப்பு பேருக்குத்தான். செங்கடல்ல சொல்லிக்கிற மாதிரி ஒரு ஆறுகூட விழாது, வெயில் வேற காய்ச்சி எடுக்குது, லிட்டருக்கு 40 கிராம் கிட்ட உப்பு. அட்லாண்டிக்ல இருக்குற சர்காசோ கடலுக்கு கரையே கிடையாது, சுத்தி ஓடுற நீரோட்டம்தான் எல்லை.

ஆனா கருங்கடல அடிச்சுக்க முடியாது. 150, 200 மீட்டர் தாண்டினா ஆக்சிஜனே இல்ல, மரத்த அரிக்கிற புழுகூட அங்க பொழைக்காது. அதனால மூழ்கின மரக்கப்பல் மக்காம கிடக்கும். 2018ல அங்க மூழ்கிக் கிடந்த ஒரு கிரேக்கக் கப்பல் பத்தி அறிவிச்சாங்க, 2 கிலோமீட்டர் ஆழத்துல, 2400 வருஷப் பழசு, கம்பம் நிக்குது, சுக்கான் இருக்கு, துடுப்பு போடுறவங்க உக்கார்ற பலகைகூட அப்படியே இருக்கு.

போட்டோ நெட்ல கிடைக்கும், தேடிப் பாருங்க.