கல்யாண மண்டபத்தில் இறுதியாண்டு ஓவியக் கண்காட்சி

தேர்வுக்காகச் சென்னைக் கல்லூரியில் வைத்த இறுதியாண்டுப் படைப்புகளைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்து சொந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டலாம் என்று இறங்கினால், முதலில் இடிப்பது இடம். கட்டுப்படியாகிற வாடகையில் பெரிய கூடம் என்றால் கல்யாண மண்டபம்தான். சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் போக மிச்ச நாள் கிடைத்தாலும் குட்டியானை (சின்ன லோடு வண்டி) கிடைப்பது கஷ்டம். மாங்காய் லோடுக்குப் போயிருக்கும். ஆடியில் மண்டபம் காலி, வாடகையையும் பேசிக் குறைக்கலாம். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் திறப்பு விழா வேண்டாம். ஊரே ஒகேனக்கல்லுக்குக் கிளம்பிவிடும்.

மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பந்தல்காரர் துணித்தட்டி கட்டித் தருவார். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், துணி எம்மாத்திரம்? 8×4 அடி, 12 மி.மீ. பிளைவுட்தான் சரி. மூன்று பலகைகளைக் கீல் போட்டு ‘இசட்’ மாதிரி மடக்கி நிறுத்தினால் தானாக நிற்கும். அடியில் பலகைக்கொரு மணல் மூட்டை. பிரைமர் ஒரு கோட்டு, மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டு. பளபளப்பான பெயின்ட் அடித்தால் விளக்கு வெளிச்சம் படத்துக்குப் பக்கத்திலேயே மின்னும்.

பலகையின் இரு பக்கமும் படம் மாட்டுவதாக இருந்தால் ஸ்குரூவில் கவனம். ஒரு அங்குல ஸ்குரூ முழுக்க இறங்கினால் மறுபக்கம் பாதி நீட்டி, அங்கே தொங்கும் கேன்வாஸைக் கிழிக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவாக முடுக்கினால் போதும், கம்பி மாட்டத் தலையும் வெளியே நிற்கும்.

மாட்டும் உயரத்தைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம். படம் 36 அங்குல உயரம், பின்பக்கக் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 4 அங்குலம் கீழே நிற்கிறது என்றால்: 57 + 18 − 4 = 71. ஸ்குரூ அங்கே. கம்பியைத் தொய்வாக விட்டு அளந்தால் படம் ஓரிரு அங்குலம் கீழே இறங்கிவிடும். ஒற்றை ஸ்குரூவில் தொங்குவது ஃபேன் காற்றுக்கே கோணும். இரண்டு போட்டு, இரண்டு விரலால் இழுத்து அளக்க வேண்டும். பிறகு ரசமட்டம்.

சிற்பம் என்றால் எடைதான் பிரச்சினை. இந்தப் பக்கத்துக் கருங்கல் கன அடிக்கு 75 முதல் 85 கிலோ வரும். இரண்டடி உயரம், ஓரடிக்கு ஓரடி சிலையே 150 கிலோவைத் தாண்டும். டைல்ஸ் தரையில் பீடத்தை நேரடியாக வைத்தால் விரிசல் விழும். அடியில் 18 மி.மீ. பலகை போட்டு, ஜிஐ குழாய்களின் மேல் உருட்டிக் கொண்டுபோங்கள். உடைந்த டைலுக்கு அட்வான்ஸில்தான் பிடிப்பார்கள்.

சென்னையிலிருந்து ஏற்றும்போது ஆக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெயின்ட் இளகி ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரியும். பபிள் ரேப்பை நேராகச் சுற்றினால் குமிழ் அச்சு பதியும். நடுவே சிலிகோன் தடவிய காகிதம், நான்கு மூலையிலும் அட்டை. தடிமனாகப் பூசிய எண்ணெய் வண்ணம் காய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதைச் சுற்றவே வேண்டாம். பெட்டியில் நிறுத்தி எடுத்துவருவதே நல்லது.

மண்டபத்துச் சீரியல் பல்பையும் மேடை விளக்கையும் அணைத்துவிடுங்கள். 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் தூக்காத வெள்ளை), சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேலான எல்இடி ஸ்பாட்டை மேலிருந்து 30 டிகிரி சாய்வில் விட்டால் கண்ணாடிப் படத்திலும் கூச்சம் குறையும். நாற்காலிகளையும் அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள்!

லேபிளில் தலைப்பு, ஊடகம், அளவு (உயரம் முதலில்), ஆண்டு. நடுகல்லைப் பார்த்து வரைந்தது என்றால் கல் இருக்கும் ஊர்ப்பெயரும் கட்டாயம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களின் முதல் கேள்வியே ‘எந்த ஊர்க் கல்லு?’ என்பதுதான்.

முதுகலைச் சேர்க்கைக்குத் தேவைப்படும் புகைப்படங்களைத் திறப்பு விழாவுக்கு முந்தின இரவே எடுத்துவிடுங்கள், டியூப்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஒரே படம் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக விழும். அதைக் கணினியில் சரிசெய்வது லேசில் முடியாது.